ரெங்காஸ் பால் பட்ட கைக்கு எது நல்லது: வேப்பிலையா, பெடாக் செஜோக்கா, கலமைனா?

ஆற்றோரம் வெட்டிய கம்பு என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆடித் திருவிழாப் பந்தலுக்கு நாலு கம்பு குறைகிறது என்று என் கொழுந்தனார் சனிக்கிழமை பிற்பகல் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், ஆறு வளைகிற பக்கம் போனார். ஒரு மணி நேரத்தில் மோட்டாரில் கம்புகளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, கைகூடக் கழுவாமல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். பாராங் சமையல்கட்டுப் படியில் சாய்ந்திருந்தது. அலகு நெடுகக் கறுப்புத் திட்டு, தார் பூசிய மாதிரி பளபளப்பு. ரோட்டுத் தார்தான் எங்கேயோ பட்டிருக்கிறது என்று நினைத்து, ஒரு பழந்துணியால் அழுத்தித் துடைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவருடைய இரண்டு முன்கையும் சிவந்து தடித்துவிட்டன. கம்பைத் தோளில் சுமந்த இடத்தில் கழுத்தோரம் பட்டையாக ஒரு கோடு. வேறு சில இடங்களிலும் இருந்ததாக என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். கழுவாத கையோடு கழிவறைக்குப் போனால் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை என் வலது மணிக்கட்டிலும் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கோடு, அதன்மேல் கடுகு கடுகாகக் கொப்புளம். அப்போதுதான் அத்தை அந்தப் பாராங்கை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ரெங்காஸ்டி” என்றார். ரெங்காஸ் என்பது, பால் பட்டால் தோல் தடித்துப்போகிற மரம். அத்தை முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். தோட்டத்து ஓரத்தில் எந்த மரத்தடியில் ஒதுங்கலாம், எதில் ஒதுங்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வீடு மருந்துக்கடை ஆகிவிட்டது. அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்தார். பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, ஒரு சின்ன டப்பாவில் பெடாக் செஜோக் என்கிற அரிசிக் குளிர்ச்சிப் பொடியைக் கொண்டு வந்தார். எதிர்வீட்டு அண்ணன் சட்டைப் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்தார். என் மகள் கைத்தொலைபேசியில் தேடி, ஓட்ஸ், சோடா உப்பு, ஆப்பிள் வினிகர் என்று ஒரு பட்டியல் வாசித்தாள். டவுன் பார்மசியில் அரிப்புக்குப் பூசுகிற கலமைன் வாங்கி வந்தது நான். கொழுந்தனாருக்கு இரண்டு கை இருந்தது வசதியாகப் போயிற்று. இடது கை அத்தைக்கு, வலது கை மக்சிக்குக்கு என்று பங்கு போட்டோம். ஒருவருடைய இரண்டு கையை வைத்து வைத்தியம் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் சில விஷயம் தெளிவாகிவிட்டது. எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இது எத்தனையாவது நாள் என்று கேட்க வேண்டும். முதல் நாள் உதவுவது ஐந்தாம் நாள் கெடுக்கும். ஐந்தாம் நாள் கெடுத்தது பன்னிரண்டாம் நாள் நல்ல மருந்து.

அமெரிக்கக் கொடியும் நம் ஊர் மரமும்

இணையத்தில் இந்த மாதிரித் தடிப்பைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பாய்சன் ஐவி. அது வட அமெரிக்காவில் வேலியிலும் மரத்திலும் ஏறுகிற, மூன்று மூன்று இலையாக விடுகிற கொடி. மலேசியாவில் அது கிடையாது. ஆனால் அந்தக் கொடியும் ரெங்காஸும் ஒரே குடும்பம், மாமரக் குடும்பம். முந்திரியும் அதில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் வண்ணார் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் அதே வம்சம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். பாய்சன் ஐவியில் இருக்கிற எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். ஜப்பானியர் அரக்குப் பூச்சுக்கு வைத்திருக்கும் ‘உருஷி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ரெங்காஸ் பாலில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் காற்றுப் பட்டால் கறுக்கும். பாராங்கில் நான் தார் என்று நினைத்தது அதுதான்.

அதனால் அமெரிக்கக்காரர்கள் சொல்கிற வைத்தியத்தில் பெரும்பகுதி நமக்கும் பொருந்தும். பொருந்தாததும் உண்டு. அங்கே ஜுவல்வீட் என்கிற ஒரு செடியைக் கசக்கித் தேய்ப்பார்கள். அது நம் வீட்டு வாசலில் பூக்கிற காசித்தும்பைக்குச் சொந்தக்காரச் செடி. உடனே காசித்தும்பையைப் பறிக்க ஓடாதீர்கள். சொந்தம் வேறு, அதே செடி வேறு. மேலும் அங்கேயே சோதித்துப் பார்த்தபோது வெறும் சோப்பு அந்தச் செடியைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

இந்த எண்ணெய் அமிலம் மாதிரி உடனே சுடுவதில்லை. தோலுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் தடிப்பு. முன்பே ஒருமுறை பட்டவருக்கு ஒன்று முதல் மூன்று நாளில் கிளம்பும். முதல்முறை படுகிறவருக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். சிலருக்கு வரவே வராது. கிளம்பிவிட்டால் இரண்டு, மூன்று வாரம் தன் பாட்டுக்கு ஓடித்தான் அடங்கும். வீட்டு வைத்தியம் எதுவும் அந்த ஓட்டத்தைப் பாதியில் நிறுத்துவதில்லை. அரிப்பைக் குறைக்கும், தூங்கவிடும், அவ்வளவுதான். ‘எங்க பாட்டி சொன்ன பச்சிலை பதினஞ்சே நாள்ல கேட்டுச்சு’ என்று யாராவது சொன்னால், பச்சிலை போடாவிட்டாலும் பதினைந்து நாளில் கேட்டிருக்கும் என்பதை மனதில் வையுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், சண்டை வரும்.

முதல் அரை மணி நேரம்

இதில் போட்டியே இல்லை. தண்ணீரும் சோப்பும். பால் பட்ட 10 நிமிடத்துக்குள் கழுவினால் நல்ல பகுதி போய்விடும். அரை மணி தாண்டினால் போவது சொற்பம். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் இதற்கு நன்றாக உதவும், எண்ணெயைப் பிரித்து எடுப்பதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இதற்கென்றே விற்கிற விலை கூடிய திரவம், மெக்கானிக் கை கழுவுகிற களிம்பு, சாதாரணப் பாத்திரச் சோப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றும் தடிப்பைக் குறைத்தன. அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, விலையில் மட்டும்தான் தெரிந்தது.

கழுவுகிற விதம் முக்கியம். ஓடுகிற தண்ணீர் வேண்டும், வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது எண்ணெயை எல்லா இடத்துக்கும் பூசுகிற வேலை. நகக்கண்ணை மறக்கக்கூடாது. நார் வைத்துத் தோல் சிவக்கத் தேய்க்கவும் கூடாது. மூன்று நாலு முறை நுரைத்துக் கழுவினால் போதும்.

இந்த நேரத்தில் செய்யவே கூடாத ஒன்று, தேங்காய் எண்ணெய் தடவுவது. நம் ஆட்களுக்குக் கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். அந்தப் பால் எண்ணெயில் கரையும். தண்ணீரில் கழுவிவிட வேண்டியதைத் தேங்காய் எண்ணெய் இன்னும் நாலு அங்குலம் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். டீசல், மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கிறவர்களும் எஸ்டேட்டில் உண்டு. பிசின் போகும், உண்மை. கூடவே தோலும் வறண்டு வெடிக்கும், வெடித்த தோலில் மிச்சப் பால் இன்னும் சுலபமாக இறங்கும்.

துணி, செருப்பு, பாராங் பிடி எல்லாம் கழுவியாக வேண்டும். இந்த எண்ணெய் காய்ந்தபின்னும் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். கொழுந்தனாரின் சட்டையை மற்றத் துணியோடு சேர்த்து மெஷினில் போடாமல் தனியாக ஊற வைத்தோம். பாராங் துடைத்த பழந்துணியை நான் தூக்கி எறியாமல் அடுப்படியிலேயே வைத்திருந்தேன் என்பது ஐந்தாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. அதைக் கையுறை போட்டு எடுத்து எறிந்தேன்.

சிவந்து அரிக்கிற நாட்கள்

கொப்புளம் உடையாத இந்தக் கட்டத்தில்தான் வீட்டு வைத்தியங்கள் உண்மையாகப் போட்டி போடுகின்றன.

மக்சிக்கின் பெடாக் செஜோக்கை முதலில் சொல்கிறேன், அதன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அரிசியை நாட்கணக்கில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றிப் புளிப்பு போனபின் அரைத்து, மாவைச் சொட்டுச் சொட்டாகத் துணிமேல் விட்டு வெயிலில் காயவைப்பார்கள். பார்ப்பதற்குக் கோலப்பொடியை உருட்டி வைத்த மாதிரி வெள்ளை மணிகள். ஐந்தாறு மணியை ஒரு கரண்டித் தண்ணீரில் போட்டால் சுர்ரென்று கரைந்து பால் மாதிரி ஆகும். விரலால் தொட்டு மெல்லிசாகப் பூசினால், தண்ணீர் ஆவியாகிற வரைக்கும் ஜில்லென்று இருக்கும். காய்ந்தபின் ஒரு மெல்லிய மாவுத் தோல் நிற்கும், நகம் நேரே தோலில் படாது. கலமைன் செய்கிறதும் ஏறக்குறைய இதுதான். அதில் அரிசிக்குப் பதில் துத்தநாக ஆக்சைடு, அதோடு இளஞ்சிவப்பு நிறத்துக்குக் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. கொழுந்தனாருக்கு இரண்டிலும் சுகம் ஒரே அளவு, அரை மணியிலிருந்து ஒரு மணி. நான் கலமைனுக்குத்தான் ஒரு புள்ளி கூடக் கொடுப்பேன். புட்டி சீல் வைத்து வருகிறது, என்ன சேர்த்திருக்கிறது என்று லேபிளில் இருக்கிறது. வீட்டில் செய்த பெடாக்கில் வாசனைக்குப் பூவோ வேரோ கலந்திருந்தால் எரிச்சலில் இருக்கிற தோலுக்கு அது இன்னொரு தொல்லை. வாசனை சேர்க்காத வெறும் அரிசி பெடாக் என்றால் தாராளமாகப் பூசலாம்.

ஓட்ஸ் விஷயத்தில் மகள் சரி, நான் தவறு. காலையில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறதைக் கையில் போடுவார்களா என்று கேட்டேன். ஒரு கப் ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, ஒரு பெரிய பேசின் தண்ணீரில் கரைத்தாள். தண்ணீர் பால் போல் ஆனது, அடியில் தங்கவில்லை. தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும் என்றாள். அதில் கால் மணி நேரம் முன்கை இரண்டையும் வைத்திருந்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தார். அன்று ராத்திரி அவர் முதல்முறையாக நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். மகள் சொன்ன சோடா உப்பும் சும்மா இல்லை, குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் போட்டால் சின்ன இடத்துக்குப் போதும். பெரிய இடத்துக்கு ஓட்ஸ்தான் சுலபம். வடித்த கஞ்சியைப் பயன்படுத்தலாமா என்று அத்தை கேட்டார். அன்றன்று வடித்து ஆறவைத்தது என்றால் பரவாயில்லை. நேற்றைய புளித்த கஞ்சி வேண்டாம்.

இனி அத்தையின் வேப்பிலையும் மஞ்சளும். இதை எழுதும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, அத்தை இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குளிர்ச்சி இருக்கிறது, மனதுக்கும் நன்றாக இருக்கிறது. அம்மை போட்டபோது அந்த வாசனையில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பச்சையாக அரைத்து அப்புவது வேறு. இடது கையில் அந்தப் பற்று காய்ந்து இறுகி, உரிக்கும்போது இரண்டு கொப்புளத்தைச் சேர்த்து இழுத்தது. அம்மியில் அரைத்த பச்சிலையில் கிருமி இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மஞ்சளால் வேறொரு சங்கடம். தோல் முழுக்க மஞ்சளான பிறகு சிவப்பு கூடுகிறதா, சீழ் வைக்கிறதா என்று பார்க்கவே முடியவில்லை. அதனால் தண்ணீருக்கு வேப்பிலை சரி, பற்றுக்கு வேண்டாம் என்பது என் தீர்ப்பு. அத்தை பேசாமல் அம்மியைக் கழுவி வைத்தார்.

கற்றாழை இடையில் நிற்கிறது. சோற்றை மட்டும் எடுத்துப் போட்டால் குளிர்ச்சி. மடலை வெட்டியவுடன் தோலுக்கடியில் மஞ்சளாக வடிகிற பால் இருக்கிறதே, அதுவே அரிக்கும். மடலைச் சாய்த்து வைத்து அதை வடியவிட்டு, கழுவி, அப்புறம் சோற்றை எடுக்க வேண்டும். பலரும் அவசரத்தில் அதைச் செய்வதில்லை.

எரிந்தால்தான் மருந்தா?

எதிர்வீட்டு அண்ணனின் தைலம் இந்தப் போட்டியில் தோற்றதில் அவருக்கு வருத்தம். மெந்தால் முதல் நிமிடம் ஜில்லென்றுதான் இருக்கும். கீறிப் புண்ணான தோலில் இரண்டாவது நிமிடம் மிளகாய்த்தூள் தூவின மாதிரி ஆகிவிடும். ‘எரியுது, அப்படின்னா வேலை செய்யுது’ என்பது நம் ஆட்களிடம் ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. இங்கே எரிச்சல் என்பது ஏற்கெனவே சண்டையில் இருக்கிற தோலை இன்னும் சீண்டுவது, அவ்வளவுதான். வினிகர், உப்புக் கரைத்த வெந்நீர், பற்பசை, துணி வெளுக்கிற குளோரோக்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். குளோரோக்ஸை நினைக்கவே வேண்டாம்.

எலுமிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லீமாவ் நீப்பீஸ் சாற்றைத் தேய்த்துவிட்டு நம் ஊர் வெயிலில் நடந்தால், சாற்றில் இருக்கிற ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். புதிதாகக் கொப்புளம் கிளம்பும், ஆறினாலும் மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். ரெங்காஸ் தடிப்பு சரியாகிவிட்டு எலுமிச்சைத் தழும்போடு சுற்றுவது என்ன நியாயம்?

சுடுதண்ணீர் விஷயத்தில் மட்டும் கொழுந்தனார் என்னோடு ஒத்துப்போகவில்லை. தாங்குகிற சூட்டில் ஊற்றினால் அரிப்பு உச்சத்துக்குப் போய், அப்படியே ஒரு மணி நேரம் அடங்குகிறது என்றார். அடங்குவது உண்மை. ஆனால் அடுத்த தடவை அதே சுகத்துக்கு இன்னும் கொஞ்சம் சூடு தேவைப்படுகிறது. நாலாம் நாள் அவர் கை சிவந்திருந்தது ரெங்காஸாலா, சுடுதண்ணீராலா என்று பிரிக்க முடியவில்லை. நிறுத்திவிட்டோம்.

கொப்புளம் உடைந்தபின்

ஐந்தாம் நாள் கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்தது. அத்தை அவருடைய தட்டையும் துவாலையையும் தனியாக எடுத்து வைத்தார். இது தேவையில்லாத பயம். கொப்புளத்து நீரில் அந்தப் பால் இல்லை, அது அடுத்தவருக்கும் ஒட்டாது, உடம்பில் வேறு இடத்துக்கும் பரவாது. நாளுக்கு நாள் புது இடத்தில் கிளம்புகிறதே என்றால், அங்கே பால் குறைவாகப் பட்டிருக்கும் அல்லது தோல் தடிப்பாக இருக்கும், அதனால் தாமதம். இல்லாவிட்டால் கழுவாத ஏதோ ஒரு பொருளை மறுபடி தொட்டிருக்கிறார். என் அடுப்படித் துணி மாதிரி.

இந்தக் கட்டத்தில் பெடாக், கலமைன் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். ஈரப் புண்ணில் மாவு இறுகிப் பொருக்காகும், அதை எடுக்கும்போது தோல் போகும். இங்கே ஜெயித்தது பழைய வேட்டித் துணி. துவைத்த பருத்தித் துணியைக் கிழித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, புண்மேல் 15, 20 நிமிடம் வைப்பது. துணி சூடேறினால் மறுபடி நனைப்பது. ஒரு நாளைக்கு மூன்று, நாலு முறை. அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போடலாம். காசில்லாத வைத்தியம், அதனால் யாருக்கும் இதன்மேல் மதிப்பில்லை. நீர் வடிவது இரண்டே நாளில் நின்றது.

பொருக்கு விழுந்து தோல் உரிந்து இழுக்கிற பத்து, பன்னிரண்டாம் நாளில்தான் தேங்காய் எண்ணெய்க்கு வேளை வந்தது. அத்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல் புட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

பார்மசி, கிளினிக்

வீட்டு வைத்தியத்தோடு பார்மசி மருந்தை ஒப்பிட்டால், ஹைட்ரோகார்ட்டிசோன் 1 விழுக்காட்டுக் களிம்பு மட்டும்தான் அந்தச் சண்டையிலேயே கை வைக்கிறது. ஆனால் மெல்லிய ஆள். சிவப்பு கிளம்பின முதல் நாளிலேயே, சின்ன இடத்தில் போட்டால் பலன் தெரியும். என் மணிக்கட்டுக் கோட்டுக்கு அது போதுமாக இருந்தது. கொப்புளம் குமுறி எழுந்த கொழுந்தனார் கைக்கு அது யானைக்குச் சோளப்பொரி. மரத்துப்போகச் செய்கிற களிம்பு, அலர்ஜிக் களிம்பு என்று வேறு சிலவும் கடையில் கிடைக்கும். அவற்றுக்கே சிலருக்கு அலர்ஜி வரும், ஒன்றைத் தீர்க்க இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அலர்ஜிக்குக் கொடுக்கிற சின்ன மஞ்சள் மாத்திரை இந்த அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது, தூங்கவைக்கும். தூக்கத்தில் சொறியாமல் இருப்பதே பெரிய காரியம். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

முகம் வீங்கினால், கண் இமை மூடிக்கொண்டால், பிறப்புறுப்பில் வந்தால், உடம்பில் நிறைய இடத்தில் பரவிக் கிடந்தால், காய்ச்சலோ சீழோ வந்தால் வீட்டில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இதே விதி. மூச்சு முட்டினால் நேரே ஆஸ்பத்திரி. மற்றபடி அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், ஒரு காலைப் பொழுது போகும். பழைய காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் இருப்பார், ஒரு நடை நடந்து காட்டிவிட்டு வரலாம். இப்போது பத்தாங் பெர்ஜுந்தை டவுனுக்குத்தான் போக வேண்டும். 2007-ல் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

கொழுந்தனாரை மூன்றாம் நாளே கூட்டிப்போயிருக்க வேண்டும். ஏழாம் நாள்தான் போனோம், அதற்குக் காரணம் கூச்சம். எங்கெங்கே வந்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல அவருக்கு மனசில்லை. கடுமையான தடிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு, மூன்று வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். நாலு நாளில் அரிப்பு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் தடிப்பு திரும்பி வரும். இன்னொன்று, இந்த மாத்திரை ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது. எங்கள் லயத்தில் இனிப்பு நீர் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். இனிப்பு நீர் இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இது ரெங்காஸ்தானா?

மருந்தை ஒப்பிடுவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும், நாங்கள் கடைசியில்தான் பார்த்தோம். தொட்ட உடனே சுள்ளென்று எரிந்தால் அது ஜெலாத்தாங் செடி, தமிழ்நாட்டுச் செந்தட்டி மாதிரி. தோலில் குத்தி நிற்கிற செடியின் முடியை ஒட்டுநாடாவால் எடுத்துவிட்டுக் கழுவினால் பெரும்பாலும் அன்றே அடங்கும். காலையில் எழும்போது கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ கோடாகச் சுட்ட மாதிரி இருந்து, அரிப்பைவிட எரிச்சல் அதிகம் என்றால் சார்லிப் பூச்சியாக இருக்கலாம். ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு மாதிரி இருக்கும், வயல் பக்கத்துப் பூச்சி, ராத்திரி விளக்குக்கு வரும். அது கடிப்பதில்லை, நாம் நசுக்கும்போது அதன் உடம்புச் சாறு சுடுகிறது. அடிக்காமல் ஊதிவிட வேண்டும்.

ஆபத்தான குழப்பம் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, கொப்புளம் வருவதற்கு முன்பே குத்தல் வலியோடு வந்தால் அது பாலும் இல்லை, பூச்சியும் இல்லை. மலாய்க்காரர்கள் காயாப் என்பார்கள். கொழுந்தனார் கழுத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு, அக்கி எழுதிவிடலாமா என்று கோயில் ஐயா கேட்டார். காவிமண் குழைத்துச் சிங்கம் வரைந்து எழுதுகிற அந்த வைத்தியத்தைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காவியின் சிவப்பும் கலமைனின் சிவப்பும் ஒரே இரும்பு ஆக்சைடுதான் என்பது இப்போது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பாட்டிகள் அவ்வளவு தூரம் விலகிப் போய்விடவில்லை. ஆனாலும் உண்மையான அக்கிக்கு, கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது தென்னமரம் தோட்டம் இருக்கிற ஊர். 1917-ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் போட்டார்கள், பெயரிலேயே தமிழ் மரம் நிற்கிறது. நூறு வருடமாக மரத்தோடு இருக்கிறோம், எங்கள் பிள்ளைகளுக்குச் செம்பனை தவிர இன்னொரு மரத்தின் பெயர் தெரியவில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் கோயில் பிள்ளைகள் மிச்சக் கம்புகளைத் தூக்கிக்கொண்டு தீமிதிக் குழிப் பக்கம் போனார்கள். விறகோடு விறகாகப் போட்டுவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் சமையல்கட்டிலிருந்து ஓடினேன். அந்தப் புகையில் எண்ணெய் ஏறி வரும், சுற்றி நிற்கிறவர்களின் கண்ணிலும் நெஞ்சிலும் தடிப்பு எழுந்தால் கலமைன் அங்கே போகாது. கொழுந்தனார் நீளக் கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையோடு வந்து ஆற்றோரமே குழி வெட்டிக் கம்புகளைப் புதைத்தார். போகும்போதே பாத்திரம் கழுவும் சோப்புப் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தார். ஆற்று நீரில் முழங்கைவரை நாலு முறை நுரைத்துக் கழுவிவிட்டுத்தான் மோட்டாரைத் தொட்டாராம். பிறகு சிவப்புப் பெயின்ட் வாங்கி, மிச்சம் நிற்கிற இரண்டு மரத்திலும் இடுப்பளவு உயரத்தில் பட்டை அடித்துவிட்டு வந்தார்.